சதையில்லாத கொலைகாரன்

அமெரிக்க எழுத்தாளர் டெனிஸ் எச்சிசனுக்கு ஒருநாள் தயாரிப்பாளர் டெப்ரா ஹில் தொலைபேசி எடுத்தார். ‘ஹலோவீன்’ என்ற தலைப்பில் தனக்கும் இயக்குநர் ஜோன் கார்ப்பென்ரருக்கும் இருந்த பங்கை விற்றுவிட்டதாகச் சொன்னார். எச்சிசன் எழுதிக் கொடுத்திருந்த நான்காம் பாகத்தின் திரைக்கதை அந்த வியாபாரத்தில் சேரவில்லை என்றும் சொன்னார். வளவை விற்றவர்கள் மூலையில் காய்க்காமல் நின்ற தென்னையைக் கணக்கில் எடுக்காமல் விட்டதுபோல விடயம் முடிந்தது. 1988 ஒக்டோபரில் வெளிவந்த நான்காம் ‘ஹலோவீன்’ படத்தின் திரைக்கதை அலன் மெக்எல்ரோயுடையது. அந்த ஆண்டு மார்ச் 7 இல் ஹொலிவூட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கவிருந்தார்கள். அதற்கு முன் முடித்தாக வேண்டும் என்று அவர் அதை 11 நாட்களில் எழுதினார். அவசரத்தில் எழுதியது தியேட்டருக்குப் போனது. யோசித்து எழுதியது அலுமாரிக்குப் போனது.

எச்சிசனின் திரைக்கதையை மறுத்தவர் தயாரிப்பாளர் முஸ்தபா அக்காத். இது மூளைக்கு அதிகம் வேலை வைக்கிறது என்பது அவர் சொன்ன குறை. அடுத்த ‘ஹலோவீன்’ எதுவானாலும் அதில் வரும் மைக்கல் மையர்ஸ் சதையும் இரத்தமுமான கொலைகாரனாக இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. வந்த படத்துக்கு வைத்த துணைத் தலைப்பே ‘மைக்கல் மையர்ஸின் மீள்வருகை’ என்பதுதான். மூன்றாம் பாகத்தில் மைக்கல் இல்லாமல் வேறொரு கதை சொல்லிப் பார்த்துச் சூடுபட்டவர்கள், இந்த முறை ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறோம் என்று சுவரொட்டியிலேயே சத்தியம் செய்து கொடுத்தார்கள்.

எடுக்கப்படாத படத்தை விமர்சிப்பது வசதியான வேலை. நடிகரைக் குறை சொல்ல வழியில்லை. இசை காதைக் கிழித்தது என்று எழுத வழியில்லை. ஈழத்துத் தமிழ் சினிமா என்று நாங்கள் பேசிக்கொள்வதில் பெரும்பங்கு எடுக்கப்படாத படங்கள்தான் என்பதால் எங்களுக்கு இந்தக் கலை கொஞ்சம் கைவந்ததும்கூட. ஆனாலும் எச்சிசனின் திரைக்கதையைப் பற்றி எழுத எனக்கு வேறு காரணம் இருக்கிறது. அம்பாறைக் கரையோரத்தில், கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து போனால் வருகிற சொறிக்கல்முனையில் இருந்து பார்க்கும்போது, அக்காத் நிராகரித்த கதை நடக்கக்கூடியதாகவும் அவர் எடுத்த கதை வெறும் கற்பனையாகவும் தெரிகிறது.

முதலில் அந்த உலகத்தைத் தெரியாதவர்களுக்காக. 1978 இல் கார்ப்பென்ரர் எடுத்த முதல் ‘ஹலோவீன்’ ஏறத்தாழ 3 இலட்சம் டொலரில், சுமார் மூன்று வாரத்தில் எடுத்த சின்னப் படம். கதை நடப்பது இலையுதிர்காலத்து இல்லினோய். எடுத்ததோ வசந்தகாலக் கலிபோர்னியாவில். ஆகவே காய்ந்த இலைகளுக்குச் சாயம் பூசித் தெருவில் கொட்டி, காட்சி முடிந்ததும் கூட்டி அள்ளி, அடுத்த தெருவில் மறுபடி கொட்டினார்கள். கொலைகாரனின் முகமூடி கடையில் 2 டொலருக்கும் குறைவாக வாங்கியது. ‘ஸ்டார் ட்ரெக்’ கப்டன் கேர்க்கின் முகம் அது. வெள்ளை அடித்து, கண் ஓட்டைகளைப் பெருப்பித்து, முடியைக் கலைத்துவிட்டார்கள். எந்த உணர்ச்சியும் இல்லாத அந்த வெள்ளை முகம்தான் அதற்குப் பிறகு வந்த நூற்றுக்கணக்கான கத்திக்குத்துப் படங்களுக்குத் தாய். படத்தின் பெயர்ப்பட்டியலில் முகமூடிக்காரன் மைக்கல் என்று போடப்படவில்லை, ‘உருவம்’ என்றுதான் போடப்பட்டிருக்கிறது. கார்ப்பென்ரர் அதை ஆளாக நினைக்கவில்லை. கடைசியில் ஆறு வெடி பட்டு மாடியிலிருந்து விழுந்தவன், குனிந்து பார்த்தால் புல்லில் இல்லை.

அதே 1978 ஒக்டோபரில்தான் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்தது. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை, ஆனால் இரண்டு கரையிலும் ஒரே மாதத்தில் கத்தி எடுத்திருக்கிறார்கள். தமிழ்ப் படத்தில் கொலைக்குக் காரணம் இருக்கிறது, காரணத்துக்கு ஒரு வளர்ப்புத் தகப்பன் இருக்கிறார், பிணங்களுக்கு மேலே ரோஜாத் தோட்டம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே இளையராஜா இருக்கிறார். கமல் சிறையில் சித்தம் கலங்கிக் கிடப்பதோடு கதை மூடுகிறது. இரண்டாம் பாகம் வரப்போகிறது என்ற பேச்சு இடைக்கிடை எழுந்தது, படமாகவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. காரணம் சொல்லி முடித்த பயத்துக்கு இரண்டாம் பாகம் எடுப்பது வீண்வேலை.

எச்சிசனுக்கு வருகிறேன். அவர் பயங்கரச் சிறுகதைகளில் பெயர் வாங்கியவர். ‘இருண்ட தேசம்’ என்ற கதைக்கு உலகக் கற்பனைப் புனைவு விருது பெற்றவர். வயிற்றுப்பாட்டுக்காக ‘ஹலோவீன்’ இரண்டாம், மூன்றாம் பாகங்களை ஜக் மார்ட்டின் என்ற புனைபெயரில் நாவலாக்கியும் கொடுத்தார். அந்த உலகத்தின் சந்துபொந்து அவருக்குத் தெரியும். நான்காம் பாகத்துக்கு அவர் யோசித்தது இது. கொலைகள் நடந்து பத்து வருடம் போய்விட்டது. முதல் படம் நடந்த ஹடன்பீல்ட் ஊரின் பெரியவர்கள் கூடி ஹலோவீன் கொண்டாட்டத்தையே தடை செய்துவிடுகிறார்கள். முகமூடி கூடாது, பூசணிக்காய் விளக்கு கூடாது, அந்த இரவைப் பற்றிய பேச்சும் கூடாது. முதல் படத்தில் வந்த சின்னப் பிள்ளைகள் டொமியும் லின்ட்சியும் இப்போது வளர்ந்த பிள்ளைகள். என்ன நடந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அடக்கிய பயம் வேறு வழியால் தலைதூக்குகிறது. மைக்கலின் நினைவை அழிக்கப் போன ஊரே அவனை மறுபடி உண்டாக்கிவிடுகிறது.

அதாவது கொலைகாரன் திரும்பி வரவில்லை. ஊர் அவனைச் செய்கிறது. அக்காத்துக்கு ஆத்திரம் வந்ததில் நியாயம் இருக்கிறது. ஊர்ச்சபைத் தீர்மானத்தைச் சுவரொட்டியில் எப்படிப் போடுவது?

இப்படி ஒன்று உண்மையில் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு 2011 ஆகஸ்டை ஞாபகப்படுத்துகிறேன். யுத்தம் முடிந்து இரண்டு வருடம். கிழக்கில் ஊருக்கு ஊர் ‘மர்ம மனிதன்’ வந்தான். சிங்கள ஊர்களில் கிறீஸ் யகா, எங்களுக்குக் கிறீஸ் பூதம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசியவன், பிடித்தால் வழுக்குவான். முகத்தில் கரி. விரல்களில் இரும்பு நகம், சப்பாத்துக்கடியில் ஸ்பிரிங், ஒரே பாய்ச்சலில் மதில் தாண்டுவான். பெண்கள் தனியே இருக்கும் வீட்டுக் குளியலறைப் பக்கம் வருவான், கீறிவிட்டு ஓடுவான். இந்த வர்ணனையைத் திரும்ப வாசியுங்கள். அந்த இரும்பு நகம் ‘எல்ம் தெருவில் கொடுங்கனவு’ படத்தின் பிரடி குரூகருடையது. 1984 இல் வெஸ் க்ரேவன் அவன் கையில் மாட்டிவிட்டது. கசெட்டில் வந்து எங்கள் தலைக்குள் ஏறி உட்கார்ந்த நகம், வதந்திக்கு உடை தைக்கும் நேரம் வந்தபோது தானாக வெளியே வந்தது என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் பூதங்களுக்கு அதற்கு முன் ஸ்பிரிங் சப்பாத்து இருந்ததாக எந்தக் கிழவியும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த மாதம் இந்தப் பக்கத்து ஊர்கள் தூங்கவில்லை. பெடியன்மார் பொல்லும் டோர்ச்சும் எடுத்துக்கொண்டு சந்திகளில் குந்தியிருந்தார்கள். பின்னேரம் ஆறு மணிக்கே கிணற்றடி வேலை முடிந்துவிடும். வாசலில் மிளகாய்த்தூள் போத்தல். தமிழ் ஊரில் தேவாலய மணி அடித்தால், முஸ்லிம் ஊரில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொன்னால், எல்லோரும் தெருவில். துரத்தப்பட்டவர்கள் முகாம்களுக்குள் ஓடி மறைந்தார்கள் என்று சனம் சொன்னது. படையினர் மறுத்தார்கள். கிண்ணியாவில் கடற்படை முகாம் தாக்கப்பட்டது. புத்தளத்தில் ஆகஸ்ட் 21 இல் கூட்டத்தின் கையில் அகப்பட்ட பொலிஸ்காரர் ஒருவர் உயிரிழந்தார். அவசரகாலச் சட்டத்தை நீடிப்பதற்கான நாடகம் இது என்று பலர் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த மாத முடிவோடு அந்தச் சட்டம் காலாவதியானது. பூதமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. கிறீஸ் பூசிய ஒரு உடம்பையாவது யாரும் பிடித்துக் காட்டியதில்லை. கீறப்பட்டதாகச் சொன்ன பெண்கள் இருந்தார்கள். அடிபட்டுச் செத்தவர்கள் இருந்தார்கள். கொலைகாரன் மட்டும் இல்லை.

அக்காத் எதிர்பார்த்த சதையும் இரத்தமும் எங்களிடமும் உண்டு. நாவிதன்வெளிப் பக்கம் யானை வரும். வேலி முறியும், தென்னை சாயும், சில இரவுகளில் மனிதரும் சாவார்கள். ஆனால் யானைக்குப் பயப்படும் விதம் வேறு. அதற்கு நேரம் இருக்கிறது, பாதை இருக்கிறது, கொளுத்த யானைவெடி இருக்கிறது, விடிந்தால் மிதித்த அடையாளம் இருக்கிறது. யானை வந்துபோன இரவுக்கு அடுத்த நாள் ஊர் வழமைபோல வயலுக்குப் போகும். கிறீஸ் பூதம் வந்த மாதத்தில் வேளாண்மைக்குக் காவல் போகவே ஆள் கிடைக்கவில்லை. ஆகவே எச்சிசனின் திரைக்கதை மூளைக்காரக் கதை என்று சொன்னவருக்கு இந்தக் கரையிலிருந்து சொல்லக்கூடியது இதுதான். அது மூளையால் எழுதிய கதைதான், ஆனால் பொலிஸ் புத்தகத்தில் பதிவாகக்கூடிய விதமாக எழுதியது.

பூதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஆளாளுக்கு அரசியல் விளக்கம் வைத்திருந்தார்கள். நானும் வைத்திருந்தேன். இப்போது எச்சிசனின் விளக்கம்தான் மற்றவற்றைவிடக் கிட்ட வருவதாகத் தோன்றுகிறது. 2009 மே மாதத்துக்குப் பிறகு எங்களுக்குச் சொல்லப்பட்டது, எல்லாம் முடிந்துவிட்டது, இனிப் பழையதைக் கிளறாதே என்பது. அதற்கு முன்னமே நாங்களாகவும் ஒரு தடையைப் போட்டிருந்தோம். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். அதே மாதம் வீரமுனையில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். கிட்டங்கித் தாம்போதிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள எவருக்கும் இது தெரியாததல்ல. ஆனாலும் கல்முனைச் சந்தையில் மீன் வாங்கும்போது, ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது, தமிழனும் சோனகனும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதால்தான் பஸ் ஓடுகிறது, கடை திறக்கிறது. நல்ல எண்ணத்தோடு போட்ட தடைதான் அது. ஹடன்பீல்டின் பெரியவர்களும் நல்ல எண்ணத்தோடுதான் தடை போட்டார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டோம். 2011 இல் பொல்லோடு சந்தியில் நின்றவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பிள்ளைகள்தான். எதற்குப் பயப்படுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. பயப்பட மட்டும் தெரியும்.

இங்கே ஒரு விலகல். ஒக்டோபர் 31 என்பது சகல புனிதர் திருநாளுக்கு முந்திய இரவு. சொறிக்கல்முனை கத்தோலிக்க ஊர், திருச்சிலுவை ஆலயத்துக்காக மட்டக்களப்பு மறைமாவட்டம் முழுவதும் பெயர் தெரிந்த ஊர். செப்டெம்பரில் திருவிழாவுக்கு வரும் சனத்தை வைத்து இந்த ஊரை அறிந்தவர்கள், நவம்பர் 2 இல் சேமக்காலையைப் பார்த்திருக்கமாட்டார்கள். அமெரிக்கப் பிள்ளைகள் முகமூடி கட்டி மிட்டாய் கேட்டுத் திரிந்த இரவுக்கு இரண்டு நாள் கழித்து, நாங்கள் கல்லறைகளில் புல்லுப் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுதிரி கொளுத்துகிறோம். மாரி மழை தொடங்கும் காலம். காற்றுக்குத் திரி நூராமல் சிரட்டையைக் கவிழ்த்து மறைப்பார்கள், பிளாஸ்டிக் போத்தலை அறுத்துச் செருகுவார்கள். சிறுசுகள் உருகின மெழுகைச் சுரண்டி உருண்டை பிடிக்கும். யாருக்கும் பயமில்லை. எச்சிசனின் ஊர்ச்சபை தடை செய்தது இந்த நாட்களின் ஒரு தூரத்துச் சொந்தத்தைத்தான். செத்தவர்களுக்கு வருடத்தில் ஒரு நாள் ஒதுக்குகிற ஊரில் மைக்கல் மையர்ஸ் வரமாட்டான் என்று எழுத ஆசைதான். அப்படி எழுதினால் பொய். எங்கள் சேமக்காலையில் பெயர் எழுதிய கல்லறைகளுக்குத்தான் மெழுகுதிரி. கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வராதவர்களுக்குக் கல்லறை கிடையாது. அவர்களுடைய ஆட்கள் எங்கே கொளுத்துவது என்று தெரியாமல் பெரிய சிலுவைக்கடியில் கொளுத்துகிறார்கள்.

கூட்டிக்கொண்டு போனது என்றதும் தலையாட்டியைச் சொல்லாமல் விட முடியாது. இளம் வாசகர்களுக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். விடியற்காலையில் சுற்றிவளைப்பு. ஆண்கள் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கோ கோயில் முற்றத்துக்கோ வர வேண்டும். வரிசையாகக் குந்த வைப்பார்கள். வெயில் ஏற ஏற, ஒவ்வொருவராக எழும்பி ஜீப்புக்கு முன்னால் நடக்க வேண்டும். ஜீப்புக்குள் ஒருவன், தலையில் சாக்கு, சாக்கில் இரண்டு ஓட்டை. அவன் பேசமாட்டான். தலையாட்டினால் நீங்கள் இடது பக்கம், ஆட்டாவிட்டால் வலது பக்கம். இடது பக்கம் போனவர்கள் லொறியில் ஏற்றப்படுவார்கள்.

ஹொலிவூட் முகமூடியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மைக்கலின் முகமூடிக்குப் பின்னால் யாருமில்லை, அதுதான் அந்தப் படத்தின் பயம். அவனுக்கு உங்களைத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. சாக்குக்குப் பின்னால் இருப்பவனுக்கு உங்களைத் தெரியும். தெரிந்தபடியால்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நேற்று உங்களோடு பந்து அடித்தவனாக இருக்கலாம், அடிதாங்காமல் ஒப்புக்கொண்ட உங்கள் மாமன் மகனாகவே இருக்கலாம். ஆகவே நாங்கள் சாக்கைப் பார்க்கவில்லை, ஜீப்புக்கு வெளியே தெரிந்த காலைப் பார்த்தோம். யாருடைய செருப்பு? பெருவிரல் நகம் யாருக்கு அப்படிக் கறுத்திருக்கும்? காலில் சங்கிலித் தழும்பு யாருக்கு? இன்றைக்கும் எங்கள் வயதுக்காரர் சிலர் ஒருவரைப் பார்த்ததும் முதலில் காலைப் பார்ப்பதுண்டு.

கத்திக்குத்துப் படங்களின் தொடர்ச்சிகள் எல்லாம் போகும் வழி ஒன்று. முதல் படத்தில் காரணமில்லாமல் வந்தவனுக்கு இரண்டாம் படத்தில் உறவு கண்டுபிடிப்பது. 1981 இல் வந்த ‘ஹலோவீன்’ இரண்டாம் பாகத்தில், மைக்கல் துரத்துகிற பெண் அவனுடைய தங்கை என்று திடீரென்று சொன்னார்கள். அது பயத்தைக் குறைத்ததே தவிரக் கூட்டவில்லை. எங்கள் கதையிலோ உறவு முதலிலேயே இருக்கிறது. தொடர்ச்சியில்தான் அவன் யாரோ ஆகிறான். தலையாட்டியவர்களில் உயிர் தப்பியவர்கள் உண்டு. ஊரிலேயே இருக்கிறார்கள் அல்லது வெளிநாட்டில் இருக்கிறார்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று சந்தேகம் உள்ளவர்களும் கலியாணத்துக்குப் போய் மொய் எழுதுகிறார்கள். எச்சிசனுடைய ஹடன்பீல்டில் இப்படி ஒரு பாத்திரம் இல்லை. திரைக்கதையின் பெரிய குறை அதுதான் என்று எனக்குப் படுகிறது. அடக்கப்பட்ட பயம் உருவமெடுக்கிறது என்று சொன்னவர், யாருடைய உருவம் என்று கேட்கவில்லை.

எச்சிசன் 2019 இல் இறந்தார். இரண்டு வருடம் கழித்து ‘ஹலோவீன் கில்ஸ்’ வந்தது. அதில் வளர்ந்த டொமி டொயில் ஊரைத் திரட்டி ஆஸ்பத்திரிக்குள் மைக்கலைத் தேடி ஓடுகிறான். கூட்டம் துரத்துவது வேறொருவனை. தப்பி வந்த அப்பாவி மனநோயாளி அவன், வேறு வழியில்லாமல் யன்னலால் குதித்துச் சாகிறான். 1980களில் மூளைக்கு வேலை என்று ஒதுக்கிய யோசனையின் சாயல் முப்பது சொச்ச வருடம் கழித்துக் கதவைத் தட்டியிருக்கிறது. யாருக்குக் கடன் என்ற வழக்கு எனக்கு வேண்டாம். புத்தளத்துச் செய்தியைப் படித்த பிறகு அந்த ஆஸ்பத்திரிக் காட்சியை நான் படமாகப் பார்க்கவில்லை. ஆனால் படம் அங்கே நிற்கவில்லை, பயம்தான் அவனைப் பெருப்பிக்கிறது என்று பாத்திரங்கள் வாயால் சொல்லத் தொடங்கின. சொல்லத் தொடங்கியதும் கதை செத்துவிட்டது. உடம்பில்லாத கொலைகாரனை எடுக்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் வருகிற வியாதி இது. காட்ட முடியாததை வசனமாகப் பேசிவிடுவது. எச்சிசனின் படமும் எடுக்கப்பட்டிருந்தால் இதில்தான் விழுந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். அந்த அளவுக்கு அக்காத் சொன்னது பாதி சரி. கமராவுக்கு ஏதாவது ஒரு உடம்பு வேண்டும்.

மற்றப் பாதியை அக்காத்துக்கு எதிராக அவரையே சாட்சி வைத்துச் சொல்லலாம். அவரைப் பற்றிய ஒரு தகவல் கல்முனையில் என் நண்பர் ஒருவரைத் திடுக்கிட வைத்தது. மருதமுனைக்காரர், ஒருகாலத்தில் வீடியோக் கசெட் வாடகைக்குக் கொடுத்தவர். டெக், ரீவி, ஜெனரேற்றர் எல்லாம் அவரிடம் எடுத்துத்தான் எங்கள் பக்கத்து ஊர்களில் படம் ஓடியது. முதலில் ரஜினி, பிறகு ஒரு குடும்பப் படம், பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போன பிறகு விடியச் சாமம் ஒரு இங்கிலிஷ் பேய்ப்படம். மண்ணெண்ணெய் தீரும் இடத்தில் படமும் முடியும். பல பேய்ப்படங்களின் முடிவு எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருடைய கடையில் நோன்புக் காலத்தில் கேட்டுக் கேட்டு எடுக்கப்பட்ட கசெட் ‘அர்ரிஸாலா’.

“மச்சான், ரிஸாலா எடுத்த முஸ்தபா அக்காத்தா இந்தக் கத்திக்குத்துப் படத்துக்கும் காசு போட்டது?” என்றார்.

“அதே ஆள்தான்.”

“சும்மா இரு.”

சும்மா இருக்கக்கூடிய விடயமல்ல. அலெப்போவில் பிறந்து ஹொலிவூட்டுக்குப் போன அக்காத், 1976 இல் இஸ்லாத்தின் தொடக்ககாலத்தைப் படமாக்கினார். ஆங்கிலத்தில் ஒன்று, அரபியில் ஒன்று, நடிகர்களை மாற்றி இரண்டு தடவை எடுத்தார். ஆங்கிலப் படத்தில் ஹம்ஸாவாக அன்ரனி குவின் நடித்தார். மொரோக்கோவில் தொடங்கிய படப்பிடிப்பு சவூதியின் அழுத்தத்தால் நின்றுபோக, கடாபியின் லிபியாவுக்குப் போய் முடித்தார். படம் முழுக்க நபியவர்களைச் சுற்றியது. ஆனால் நபியவர்களின் உருவம் இல்லை, குரல் இல்லை, நிழலும் இல்லை. அவர் நிற்கும் இடத்தில் கமரா நிற்கிறது. மற்றவர்கள் கமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள், பதிலைக் கேட்டுத் தலையசைக்கிறார்கள். மூன்று மணித்தியாலம், மையப் பாத்திரத்தின் உடம்பு இல்லாமல்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து அவர் பணம் போட்ட ‘ஹலோவீன்’ எப்படித் தொடங்குகிறது? கமராதான் கொலைகாரன். வீட்டைச் சுற்றுகிறது, அடுக்களையில் கத்தி எடுக்கிறது, படியேறுகிறது, முகமூடியை எடுத்துப் போடுகிறது. அதற்குப் பிறகு இரண்டு கண் ஓட்டைகளுக்கூடாகத்தான் பார்க்கிறோம். வெளியே வந்ததும் தகப்பன் முகமூடியைக் கழற்ற, ஆறு வயதுப் பிள்ளை. ஒன்று வணக்கத்தினால் காட்டாதது, மற்றது பயமுறுத்துவதற்காகக் காட்டாதது. இரண்டையும் ஒப்பிடுவது பாவம் என்று நண்பர் முகம் சுளித்தார், அதை மதிக்கிறேன். நான் ஒப்பிடுவது கமராவை மட்டும். காட்டாமலே ஒருவரை இருக்க வைக்கலாம் என்று அந்த மனிதனுக்கு வேறு எந்தத் தயாரிப்பாளரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தும் மைக்கலுக்குச் சதையும் இரத்தமும் கேட்டார். பேய்ப்படம் அவருக்குக் கடைவியாபாரம். ரிஸாலா, ஒமர் முக்தார் பற்றிய ‘பாலைவனச் சிங்கம்’ ஆகியவைதான் அவர் தன் படங்கள் என்று நினைத்தவை. கடைச் சாமானில் யாரும் பரிசோதனை செய்வதில்லை. 2005 நவம்பரில் அம்மானில் ஹோட்டல் குண்டுவெடிப்பில் மகள் ரீமாவும் அவரும் கொல்லப்பட்டார்கள். 2019 ஏப்ரலில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் சாய்ந்தமருதிலும் குண்டு வெடித்ததைப் பார்த்த பிறகுதான் அந்தச் செய்தி எனக்கு உறைத்தது.

ஆகவே எச்சிசனின் திரைக்கதையை யாராவது இந்தப் பக்கம் கொண்டுவந்து எடுப்பதானால் என்னுடைய சிபாரிசு இது. ஊர்ச்சபைக் கூட்டம் வேண்டாம், பயத்தைப் பற்றிய பிரசங்கம் வேண்டாம். கமராவைச் சாக்குக்குள் வையுங்கள். கோயில் முற்றம், காலை ஒன்பது மணி வெயில், ஓட்டைக்கூடாகத் தெரிகிற அளவு மட்டும். ஒவ்வொருவராக எழும்பி வந்து கமராவைப் பார்க்கிறார்கள். சிலர் கீழே, காலைப் பார்க்கிறார்கள். சாக்குக்குள் மூச்சு கேட்கிறது. யார் உள்ளே என்று படம் முடியும்வரை காட்டாதீர்கள்.

நண்பருக்கு இது பிடிக்கவில்லை. வியாபாரம் தெரிந்தவர், தலையை ஆட்டினார்.

“கடைசியிலயாவது ஆளைக் காட்டோணும் மச்சான். இல்லாட்டிச் சனம் கதிரைய உடைக்கும்.”

“காட்டினாலும் உடைக்கும்” என்றேன்.